உலகப் பணத்துக்கு யார் கவர்னர்?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், சித்தேரி)



நம் லேபில் நிற்கும் டீசல் எஞ்சினில் கவர்னர் என்று ஒரு சின்ன சாமான் இருப்பது உங்களுக்குத் தெரியும். லோடு குறைந்தால் எஞ்சின் வெறி பிடித்தாற்போல ஓடப் பார்க்கும். உடனே கவர்னரில் சுற்றும் குண்டுகள் வெளியே விரியும், டீசலைக் குறைக்கும். லோடு ஏறினால் குண்டுகள் சுருங்கும், டீசல் கூடும். கவர்னரைக் கழற்றி வைத்துவிட்டு எஞ்சினை ஓட்டினால் என்ன ஆகும் என்று வைவாவில் கேட்பார்கள். "சார், ஓவர் ஸ்பீடு ஆகி உடைஞ்சிடும்" என்று நாமும் சொல்லி மார்க் வாங்கியிருக்கிறோம்.

நம் நாட்டுப் பணத்துக்கும் ஒரு கவர்னர் உண்டு. மும்பையில் உட்கார்ந்திருக்கிறார். பத்து ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள், அவர் கையெழுத்து இருக்கும். ஆனால் பணம் ஒரு நாட்டுக்குள்ளேயே நிற்கிற சரக்கு அல்லவே! துபாயில் வெல்டர் வேலை பார்க்கும் நம் சீனியர் அனுப்புவதும் பணம்தான். திருப்பூர் பனியனுக்கு அமெரிக்கக்காரன் கொடுப்பதும் பணம்தான். நம் பஸ் ஓட வாங்குகிற கச்சா எண்ணெய்க்குக் கொடுப்பதும் பணம்தான். 2025 ஏப்ரலில் எடுத்த கணக்குப்படி உலக அந்நியச் செலாவணிச் சந்தையில் ஒரு நாளைக்குக் கைமாறும் தொகை 9.6 லட்சம் கோடி டாலர். ஒரு வருஷத்துக்கு அல்ல நண்பர்களே, ஒரு நாளைக்கு! இந்த ராட்சத எஞ்சினுக்கு யார் கவர்னர்?

ஒரே வார்த்தையில் பதில் சொல்வதென்றால், யாருமில்லை. முழு கவர்னர் யாருமில்லாத இடத்தில் அரை கவர்னர், கால் கவர்னர் என்று சில நிறுவனங்கள் இருக்கின்றன. அவை எப்படிப் பிறந்தன, யாரைக் கட்டுப்படுத்துகின்றன, யாரைக் கட்டுப்படுத்த முடியாமல் நிற்கின்றன என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். "பொருளாதாரம் படிக்கிறவன் படிக்கட்டும், நமக்கு எதுக்குப்பா இது?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் ஸ்காலர்ஷிப் பணம் பேங்கில் மாட்டிக்கொண்டால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

ஒரு ஓட்டலில் பிறந்த நிதியம்

1944 ஜூலை. இரண்டாம் உலகப் போர் இன்னும் முடியவில்லை. அமெரிக்காவில் பிரெட்டன் வுட்ஸ் என்ற மலையூரில், ஒரு பெரிய ஓட்டலில் 44 நாடுகளின் பிரதிநிதிகள் மூன்று வாரம் கூடிப் பேசினார்கள். அங்கே உருவானவைதான் ஐ.எம்.எஃப். என்கிற சர்வதேச நிதியமும் உலக வங்கியும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது நம்மவர்கள் வழக்கம். உலக வங்கி, திட்டங்களுக்குக் கடன் கொடுப்பது. 1980-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் அதன் கடனில் நடந்தது. நாட்டின் அந்நியச் செலாவணி தீர்ந்து மூச்சுத் திணறும்போது ஆக்சிஜன் சிலிண்டர் தூக்கிக்கொண்டு வருவது நிதியம். சிலிண்டரோடு ஒரு நிபந்தனைப் பட்டியலும் வரும். நம் கட்டுரைக்கு வேண்டியது இந்த இரண்டாவது ஆள்தான்.

அந்த ஓட்டல் கூட்டத்தில் இந்தியாவும் இருந்தது. நாடு அடிமையாக இருந்ததால் நம் குழுவுக்குத் தலைவர் ஜெரமி ரெய்ஸ்மன் என்ற வெள்ளைக்காரர். ஆனால் குழுவில் சி.டி.தேஷ்முக் இருந்தார். நம் கோயம்புத்தூர் ஆர்.கே.சண்முகம் செட்டியாரும் இருந்தார். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனவர் இவர்தான். போர்ச் செலவுக்காக இங்கிலாந்து நமக்குப் பட்டிருந்த பெரிய கடனை எப்போது, எப்படித் திருப்பித் தரும் என்று நம் ஆட்கள் கேட்டார்கள். அது உங்கள் இரண்டு பேருக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். கடன் கொடுத்தவனுக்கு வாய் இல்லை, கடன்பட்டவன் கூட்டத்துக்குப் பெரிய மனுஷன்! நிதியத்தின் பிற்கால நடத்தைக்கு இது நல்ல முன்னோட்டம் என்பது என் அபிப்பிராயம்.

நிதியம் ஒரு சீட்டு மாதிரி. ஒவ்வொரு நாடும் தன் பங்கைக் கட்டுகிறது. ஆனால் ஊர்ச் சீட்டில் எல்லாருக்கும் ஒரே குரல். இங்கே கட்டிய பங்குக்கு ஏற்ப ஓட்டு. அமெரிக்காவுக்கு சுமார் 16.5 சதவீத ஓட்டு. நூற்று நாற்பது கோடிப் பேர் இருக்கும் இந்தியாவுக்கு 2.6 சதவீதம். பெரிய தீர்மானம் எதுவும் நிறைவேற 85 சதவீதம் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறிலிருந்து 16.5 போனால் 83.5. அமெரிக்கா கையைத் தூக்காவிட்டால் மீதி உலகம் முழுக்கக் கையைத் தூக்கினாலும் தீர்மானம் பாஸ் ஆகாது.

நாடே நகையை அடகு வைத்த கதை

நம் வீடுகளில் கஷ்டம் வந்தால் முதலில் எதைத் தொடுவோம்? அம்மா காதில் இருப்பதை. அரூர்க் கடைவீதியில் அடகுக் கடைக்கா பஞ்சம்! 1991-ல் இந்திய அரசாங்கமும் இதையேதான் செய்தது.

1990 ஆகஸ்டில் ஈராக், குவைத்தைப் பிடித்தது. கச்சா எண்ணெய் விலை எகிறியது. வளைகுடாவில் வேலை பார்த்த நம்மவர்கள் லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையில் பெட்டியோடு திரும்பினார்கள், அவர்கள் அனுப்பிய பணமும் நின்றது. ஏற்கனவே கடன் மேல் கடன். வெளிநாட்டு வாழ் இந்தியர்கள் இங்கே போட்டிருந்த டெபாசிட்டை எடுக்க ஆரம்பித்தார்கள். 1991 ஜூனில் நாட்டின் கையில் மிச்சமிருந்த அந்நியச் செலாவணி 110 கோடி டாலருக்குப் பக்கம்தான். இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் அது போதும். அதற்கு மேல் டீசல் ஏது, உரம் ஏது?

1991 ஜனவரியிலேயே நிதியத்திடம் சுமார் 180 கோடி டாலர் வாங்கியாகிவிட்டது. அதுவும் கரைந்தது. சந்திரசேகர் பிரதமராக இருந்த மே மாதத்தில், கடத்தல்காரர்களிடம் பிடித்து வைத்திருந்த தங்கத்தில் 20 டன்னை, திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையோடு ஸ்டேட் பேங்க் மூலம் சுவிட்சர்லாந்து வங்கிக்குக் கொடுத்து சுமார் 20 கோடி டாலர் புரட்டினார்கள். போதவில்லை. ஜூலையில் ரிசர்வ் வங்கி தன் சொந்தப் பெட்டகத்திலிருந்து 47 டன் தங்கத்தை விமானம் ஏற்றியது. இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் அடகு. கிடைத்தது சுமார் 40 கோடி டாலர். அப்போது ரிசர்வ் வங்கி கவர்னர் நாகர்கோவிலில் பிறந்த எஸ்.வெங்கிடரமணன். துணை கவர்னர் அரியலூர்க்காரர் சி.ரங்கராஜன். ஒரு கவர்னர், ஒரு துணை கவர்னர், இரண்டு பேரும் தமிழ் பேசுகிறவர்கள், நாட்டின் நகையைப் பெட்டியில் போட்டு அனுப்பி வைக்கிறார்கள். சினிமாவில் கூட இப்படி ஒரு காட்சி வந்ததில்லை!

அதே ஜூலை 1-ம் தேதி ரூபாயின் மதிப்பைச் சுமார் 9 சதவீதம் குறைத்தார்கள். 3-ம் தேதி இன்னொரு 11 சதவீதம். 21 ரூபாயாக இருந்த டாலர் 26 ரூபாய்க்குப் பக்கம் போனது. இரண்டாவது குறைப்பை நிறுத்திவிடலாமா என்று பிரதமர் நரசிம்ம ராவ் யோசித்து, நிதியமைச்சர் மன்மோகன் சிங் மும்பைக்குப் போன் போட்டபோது, வேலை அதற்குள் முடிந்துவிட்டது என்று ரங்கராஜன் சொன்னாராம். ஜூலை 24-ல் பட்ஜெட். அதில் உரத்தின் விலை ஒரே அடியாக 40 சதவீதம் ஏறியது. பார்லிமென்டில் கூச்சல் எழுந்த பிறகு 30 ஆகக் குறைத்து, சிறு விவசாயிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அக்டோபர் கடைசியில் நிதியம் இன்னும் சுமார் 220 கோடி டாலர் கடனுக்குச் சம்மதித்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மானியத்தைக் குறை, பற்றாக்குறையைக் குறை, இறக்குமதிக் கதவைத் திற, கம்பெனிகளுக்கு லைசென்ஸை எடு என்று நிதியம் சொன்னவை எல்லாமே நம் தலையில் கட்டியவை என்று ஒரு கட்சி சொல்லும். இல்லை, நம் ஆட்களே செய்ய நினைத்திருந்ததுதான், நிதியம் ஒரு சாக்கு என்று இன்னொரு கட்சி சொல்லும். இரண்டிலும் உண்மை உண்டு என்றுதான் எனக்குப் படுகிறது. எது எப்படியானாலும் கடையில் விலை ஏறியபோது வாங்குகிறவனிடம் யாரும் வந்து கேட்கவில்லை.

கடனை ஒழுங்காகக் கட்டினோம். 2000 மே மாதத்தோடு நிதியத்துக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி ஒரு பைசா இல்லை. அடகு நகையையும் மீட்டோம். இன்னும் வேடிக்கை, 2009-ல் அதே நிதியம் தன் தங்கத்தை விற்றபோது இந்தியா 200 டன்னை 670 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. இப்போது நம் கையிருப்பு 60,000 கோடி டாலருக்கு மேல். இவ்வளவு ஏன் குவித்து வைக்கிறோம் என்று கேட்கிறவர்களுக்கு 1991-தான் பதில். அந்த வாசலில் மறுபடி போய் நிற்கக் கூடாது என்கிற பயம்.

வாங்க மாட்டேன் என்றவர், வாங்கியே தீர வேண்டியவர்

நிதியம் சொல்வதைக் கேட்காமல் இருக்க முடியுமா? 1997 ஜூலையில் தாய்லாந்தின் பாட் சரிந்து ஆசியா முழுக்கத் தீ பரவியது. இந்தோனேஷியா நிதியத்திடம் போனது. 1998 ஜனவரியில் அதிபர் சுகார்த்தோ குனிந்து கையெழுத்துப் போட, நிதியத்தின் தலைவர் காம்டசு பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நிற்பாரே, அந்த மாதிரி.

மலேசியா வேறு வழி போனது. நம் தமிழர்கள் லட்சக்கணக்கில் வாழும் அந்த நாட்டின் பிரதமர் மகாதீர், 1998 செப்டம்பரில் ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று ஆணி அடித்து, பணம் வெளியே ஓடாமல் கதவைச் சாத்தினார். நிதியத்திடம் கடன் வாங்கவில்லை. "அழிந்து போவார்கள்" என்று அப்போது சாபம் விட்ட நிபுணர்கள் பலர். மலேசியா அழியவில்லை. 2012-ல் நிதியமே சில நேரங்களில் இப்படிக் கதவைச் சாத்துவதும் சரிதான் என்று எழுதி ஒப்புக்கொண்டது. பதினாலு வருஷம் கழித்து!

மகாதீரின் தைரியம் எல்லா நாட்டுக்கும் வராது. அதற்குக் கையிருப்பும் ஏற்றுமதியும் வேண்டும். இலங்கையைப் பாருங்கள். 2022 ஏப்ரல் 12-ம் தேதி வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. பெட்ரோல் பங்கில் நாள் கணக்கில் வரிசை, பால்மாவு இல்லை, மருந்து இல்லை. இந்தியா அந்த வருஷம் சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு உதவியது. 2023 மார்ச்சில் நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டது. இலங்கை நிதியத்தின் வாசல் ஏறியது இது 17-வது தடவை. பதினாறு தடவை வைத்தியம் பார்த்தும் நோய் தீராவிட்டால் நோயாளியை மட்டும் திட்டுவது நியாயமா, வைத்தியரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? இந்தத் தடவையும் மின்கட்டணம் ஏறியது. 15 சதவீதமாக இருந்த மதிப்புக் கூட்டு வரி 2024 ஜனவரியிலிருந்து 18 ஆனது. மலையகத்தில் கொழுந்து பறிக்கும் நம் தமிழ்ப் பெண்ணும் அந்த வரியைத்தான் கட்டுகிறார், கொழும்புக் கோடீஸ்வரரும் அதே சதவீதம்தான் கட்டுகிறார்.

நிதியம் ஒவ்வொரு உறுப்பு நாட்டின் கணக்கையும் அநேகமாக வருஷா வருஷம் பார்வையிடுகிறது. பாய்லர் இன்ஸ்பெக்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நம் பாய்லர் இன்ஸ்பெக்டர் "சரியில்லை" என்று எழுதினால் அடுப்பு அணைய வேண்டும். நிதியம் எழுதினால் கடன் கேட்டு நிற்கிறவன் மட்டுமே பயப்படுவான். கடன் தேவைப்படாதவன் சிரித்துக்கொண்டே ஃபைலை மூடி வைப்பான். 2008-ல் அமெரிக்காவிலேயே வீட்டுக் கடன் பாய்லர் வெடித்து, செப்டம்பர் 15-ம் தேதி லேமன் பிரதர்ஸ் விழுந்து, திருப்பூர் ஆர்டர் வரை அடி விழுந்ததே, அந்தப் பாய்லரை அணைக்கச் சொல்ல எந்த இன்ஸ்பெக்டருக்கும் அதிகாரம் இருந்ததில்லை. என்னைக் கேட்டால் உலக நிதிக் கட்டுப்பாட்டின் பெரிய ஓட்டை இதுதான். கவர்னர் சின்ன எஞ்சினில் மட்டும் வேலை செய்கிறது.

பாசலும் ஃபேக்டர் ஆஃப் சேஃப்டியும்

இனி வருவது நமக்கு எளிதாகப் புரியும் பகுதி.

சுவிட்சர்லாந்தில் பாசல் என்று ஒரு நகரம். அங்கே 1930-ல் தொடங்கிய சர்வதேசத் தீர்வு வங்கி இருக்கிறது. உலகத்து மத்திய வங்கிகளுக்கெல்லாம் வங்கி. அந்தக் கட்டடத்தில் 1974-ன் கடைசியில் ஒரு கமிட்டி உட்கார்ந்தது. காரணம், அந்த வருஷம் ஜூன் 26-ம் தேதி ஜெர்மனியில் ஹெர்ஸ்டாட் என்ற வங்கியை மூடினார்கள். அதற்கு ஜெர்மனி நேரத்தில் மார்க் பணத்தைக் கட்டிவிட்டு, நியூயார்க் விடிந்ததும் டாலர் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்த வங்கிகள் பல. நியூயார்க் விடிவதற்குள் இங்கே ஷட்டர் விழுந்துவிட்டது! கொடுத்தது போச்சு, வர வேண்டியது வரவில்லை. ஒரு நாட்டு வங்கி படுத்தால் இன்னொரு நாட்டு வங்கியும் படுக்கும் என்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் உறைத்தது.

அந்தக் கமிட்டி 1988-ல் ஒரு விதி சொன்னது. வங்கி கொடுக்கும் கடனுக்கு அபாயத்துக்கு ஏற்ப எடை போடு. அந்த எடையில் நூற்றுக்கு எட்டு ரூபாயாவது வங்கியின் சொந்த முதலாக இருக்கட்டும்.

கம்பி ஒரு டன் தாங்க வேண்டுமென்றால் நாம் ஒரு டன்னுக்கு டிசைன் பண்ணுவோமா? மூன்று டன், நான்கு டன் தாங்குகிற மாதிரி பண்ணுவோம். ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி. வங்கியின் சொந்த முதலும் அப்படித்தான். கடன் வாங்கினவன் கம்பி நீட்டினால் முதல் அடி அந்த முதலின் மேல் விழ வேண்டும், டெபாசிட் போட்ட ஆயாவின் மேல் விழக் கூடாது. அரசாங்கப் பத்திரத்துக்கு எடை பூஜ்யம். வீட்டுக் கடனுக்குக் குறைச்சல். செல்போன் வாங்க, கல்யாணம் பண்ணக் கொடுக்கிற தனிநபர் கடனுக்கு அதிகம். 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி அப்படிப்பட்ட கடன்களின் எடையை 100-லிருந்து 125 ஆக ஏற்றியது. கல்விக் கடனையும் வீட்டுக் கடனையும் நகைக் கடனையும் அதில் சேர்க்கவில்லை என்பதை நம் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பாசல் கமிட்டிக்குச் சட்ட அதிகாரம் கிடையாது. அது ஒரு யோசனை சொல்லும். அந்தந்த நாட்டு மத்திய வங்கிதான் அதை விதியாக்க வேண்டும். இந்தியாவில் எம்.நரசிம்மம் கமிட்டி 1991-ல் பரிந்துரைக்க, 1992-லிருந்து இது வந்தது. எட்டு போதாது என்று நாம் ஒன்பது வைத்துக்கொண்டோம். 2008-க்குப் பிறகு பாசல் மூன்று வந்து, அதற்கு மேல் இன்னொரு இரண்டரை சேர்ந்து 11.5 ஆனது. வேறொரு மாற்றமும் நடந்தது. 2009 வரை பாசல் கமிட்டியில் பணக்கார நாடுகள்தான் உட்கார்ந்திருந்தன. அந்த வருஷம்தான் இந்தியாவுக்கும் நாற்காலி போட்டார்கள். விதியைப் போட்டு இருபது வருஷம் கழித்து!

இந்த எண் நம் பக்கத்தில் என்ன செய்தது? இரண்டு கதை சொல்கிறேன். நம் தர்மபுரி மாவட்டத்துக்கு முன்னோடி வங்கி இந்தியன் வங்கி. 1995-96-ல் அந்த வங்கிக்கு 1,336 கோடி ரூபாய் நஷ்டம். அதுவரை இந்திய வங்கி எதுவும் காணாத நஷ்டம். கடனைக் கண்டபடி கொடுத்ததும், புது விதிப்படி வராத கடனை வராத கடன் என்றே கணக்கில் எழுத வேண்டி வந்ததும் காரணம். முந்தின காலமாக இருந்தால் வரும், வரும் என்றே எழுதி ஓட்டியிருப்பார்கள். அரசாங்கம் பல தவணையாக முதல் போட்டு வங்கியை நிமிர்த்தியது. டெபாசிட்தாரர் யாரும் பணம் இழக்கவில்லை. 2020-ல் அலகாபாத் வங்கியே இதோடு வந்து சேர்ந்தது.

அடுத்தது கரூர் கதை. 1926-ல் கரூர் வியாபாரிகள் சிலர் சேர்ந்து தொடங்கியது லட்சுமி விலாஸ் வங்கி. பெரிய கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கப் போய் மாட்டிக்கொண்டது. 11 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய முதல், 2020 செப்டம்பரில் பூஜ்யத்துக்கும் கீழே போய் மைனஸ் 2.85 ஆனது. நவம்பர் 17-ம் தேதி, 25,000 ரூபாய்க்கு மேல் யாரும் எடுக்க முடியாது என்று தடை. பத்தே நாளில், 27-ம் தேதி, சிங்கப்பூர் டி.பி.எஸ். வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு சேர்த்துவிட்டார்கள். டெபாசிட்தாரர்களுக்கு முழுப் பணமும் பத்திரம். பங்குதாரர்களுக்கு? ஒரு பைசா இல்லை. பாசல் மூன்று விதிப்படி வெளியிட்ட 318 கோடி ரூபாய்ப் பத்திரமும் அப்படியே அழிந்தது. நஷ்டம் வந்தால் முதலில் நான் தாங்குகிறேன் என்று எழுதிக் கொடுத்த காகிதம் அது. வட்டி கூடக் கிடைக்கிறதே என்று வாங்கியவர்கள் அந்த வரியைப் படித்தார்களோ என்னவோ. ஷியர் பின் உடைந்து ஷாஃப்டைக் காப்பாற்றுகிற மாதிரி. விதி வேலை செய்தது என்றுதான் சொல்ல வேண்டும், பின்னாக இருந்தவனுக்கு அது ஆறுதல் ஆகாவிட்டாலும்.

பாசல் பேசுவது வங்கிகளைப் பற்றி மட்டுமே. நம் ஊர்களில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களோ, மலைவாழ் மக்களுக்கான பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களோ இந்த விதிக்குள் வராது. வங்கியில் போட்ட டெபாசிட்டுக்கு 2020 பிப்ரவரியிலிருந்து 5 லட்சம் ரூபாய் வரை இன்சூரன்ஸ் உண்டு. சங்கத்தில் போட்டதற்கு அது கிடையாது. வீட்டில் பெரியவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறதா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

பாரிஸ் போட்ட கணக்கு, மலையில் முடங்கிய கணக்கு

நான்காவதாக ஒருவர் இருக்கிறார். பேர் கேட்டால் பலருக்குத் தெரியாது. ஆனால் நம் வீட்டுக்குள் வரை வந்துவிட்டவர் அவர்தான். நிதி நடவடிக்கைச் சிறப்புப் படை. சுருக்கமாக எஃப்.ஏ.டி.எஃப். 1989-ல் பாரிஸில் கூடிய ஏழு பணக்கார நாடுகளின் மாநாட்டில் தொடங்கியது. போதை மருந்துப் பணம் வங்கி வழியாக வெள்ளையாவதைத் தடுக்க 40 பரிந்துரைகள் எழுதியது. பின்னால் தீவிரவாதிகளுக்குப் போகும் பணமும் சேர்ந்தது. கேட்காத நாட்டைச் சாம்பல் பட்டியலில் போடும். பாகிஸ்தான் 2018-லிருந்து 2022 வரை அதில் இருந்தது. பட்டியலில் விழுந்தால் அந்த நாட்டு வங்கியோடு பரிவர்த்தனை செய்ய வெளிநாட்டு வங்கிகள் ஆயிரம் கேள்வி கேட்கும். போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை, மானம் போகும் என்கிற பயம் ஒன்றே ஆயுதம்.

இந்தியா 2010-ல் உறுப்பினர் ஆனது. அதற்கு முன்பே 2002-ல் பணமோசடித் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. அதே வருஷம் ரிசர்வ் வங்கி "உன் வாடிக்கையாளரை அறிந்துகொள்" என்று ஆணை போட்டது. அதுதான் கே.ஒய்.சி.! பாரிஸ் டெல்லியைக் கேட்கிறது, டெல்லி மும்பையைக் கேட்கிறது, மும்பை பேங்கைக் கேட்கிறது, பேங்க் கிளை மேனேஜரைக் கேட்கிறது, மேனேஜர் சித்தேரி மலையில் இருக்கும் எங்கள் அம்மாவைக் கேட்கிறார்: "நீ யாரும்மா?"

எங்கள் மக்களைச் சான்றிதழில் மலையாளி என்று எழுதியிருப்பார்கள். கேரளாவா என்று கேட்காத ஆபீசர் குறைவு. மலையிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடி என்று விளக்குவதற்குள் க்யூவில் பின்னால் இருப்பவர்கள் சலித்துக்கொள்வார்கள். "நீ யார்" என்ற கேள்விக்கு எங்களிடம் எப்போதுமே பதில் கொஞ்சம் நீளம்.

அம்மாவின் கணக்கில் நூறு நாள் வேலைக் கூலி வந்து விழுந்தது. எடுக்கப் போனால் கே.ஒய்.சி. முடிந்துவிட்டது, கணக்கு முடக்கம் என்றார்கள். எந்த வங்கி என்பது இங்கே வேண்டாம். பஸ்ஸுக்குக் காத்திருந்து மலை இறங்கி, போட்டோ இல்லை என்று ஒரு நாள், சர்வர் இல்லை என்று ஒரு நாள், கைரேகை விழவில்லை என்று ஒரு நாள். சாமை அறுத்து, கல் பொறுக்கித் தேய்ந்த விரலில் ரேகை எங்கிருந்து விழும்? மூன்று நாள் கூலியும் பஸ் காசும் போனது. கடைசியில் கேட்டது ஒரு கையெழுத்து. விலாசம் மாறவில்லை என்று. மலை எங்கே மாறப் போகிறது!

இந்த விதியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கோடிக்கணக்கில் கறுப்பை வெள்ளையாக்குகிறவனுக்கு அது வேண்டும்தான். ஆனால் அவனுக்கு ஆடிட்டர் உண்டு, வக்கீல் உண்டு, எல்லாப் பேப்பரும் சரியாக இருக்கும். வலையின் கண் சின்னதாக இருந்தால் அயிரை மாட்டும், கெளுத்தி கிழித்துக்கொண்டு போகும். இதில் ஆச்சரியம் என்னவென்றால், பாரிஸ்காரர்கள் ஏழையை இப்படி இழுத்தடிக்கச் சொல்லவேயில்லை. அபாயத்துக்கு ஏற்பக் கேள் என்பதுதான் அவர்கள் கொள்கை. அபாயம் குறைந்த இடத்தில் எளிமையான முறை வேண்டும், சாதாரண மக்கள் வங்கிக்கு வெளியே போய்விடக் கூடாது என்று 2025 பிப்ரவரியில் முதல் பரிந்துரையையே திருத்தி எழுதினார்கள். மேலே எளிமையாகக் கிளம்பும் விதி, கீழே இறங்க இறங்க ஒவ்வொரு மேஜையிலும் பயம் சேர்ந்து, கவுண்டருக்கு வரும்போது கல்லாகிவிடுகிறது.

ரிசர்வ் வங்கி விதியில் என்ன இருக்கிறது என்று நாம் தெரிந்துகொண்டால் கவுண்டரில் தைரியமாகப் பேசலாம். அபாயம் குறைந்த வாடிக்கையாளருக்குப் புதுப்பித்தல் பத்து வருஷத்துக்கு ஒரு தடவைதான். விவரம் எதுவும் மாறவில்லை என்றால் சுய உறுதிமொழி போதும், புது ஆவணம் தேவையில்லை. 2025 ஜூனில் வந்த திருத்தப்படி அந்த உறுதிமொழியை ஊருக்கு வரும் வங்கி முகவரிடமே கொடுக்கலாம், மலை இறங்க வேண்டியதில்லை. எந்த ஆவணமும் இல்லாதவருக்கும் போட்டோவும் கையெழுத்தும் அல்லது கைநாட்டும் வைத்துச் சிறு கணக்கு தொடங்க வழி உண்டு. அதில் இருப்பு 50,000 வரை, மாதம் 10,000 வரை எடுக்கலாம், வருஷத்தில் வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. முதலில் பன்னிரண்டு மாதம் செல்லும், ஆவணத்துக்கு விண்ணப்பித்த அத்தாட்சி காட்டினால் இன்னொரு பன்னிரண்டு மாதம். "இல்லை" என்று சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் புகார் போகலாம். 14448 என்ற எண்ணில் கூப்பிட்டால் தமிழிலும் பேசுவார்கள். கட்டணம் இல்லை.